குளிக்கத் தடை

கார்த்திகை பிறந்தால் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. என் கணவர் ஐந்தருவியில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருக்கிறார். மாலை போட்ட சாமிமார் வேன் வேனாக வந்து குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு கடையில் வந்து நின்றால்தான் அவருக்கு வியாபாரம். எனக்கு இலத்தூர்ப் பக்கம் வயல். மலையில் மழை கொட்டி, அருவியில் வெள்ளம் வந்து, 'குளிக்கத் தடை' என்று கயிறு கட்டிவிட்டால் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். சாமி படத்துக்கு முன்னால் இருவரும் ஒன்றாகத்தான் நிற்போம். என்ன வேண்டிக்கொண்டோம் என்று ஒருவரை ஒருவர் கேட்பதில்லை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மழைமானியே அருவிதான். பிசானப் பருவ நெல்லுக்கு நாற்றுப் பாவுகிறவர் குளத்தைப் போய்ப் பார்க்க மாட்டார். செல்போனில் அருவி வீடியோவைப் பார்ப்பார். நானும் அப்படித்தான். போன வருஷம் ஐப்பசிக் கடைசியில், ஐந்தருவியின் ஐந்து கிளையும் ஒன்றாகிச் செம்மண் நிறத்தில் விழுகிற வீடியோ வந்தது. அன்றைக்கே விதைநெல்லை ஊறப்போட்டேன்.

நாற்று பச்சைப் பசேலென்று வந்தது. கிணற்றுத் தண்ணீர் நாற்றங்காலுக்குப் போதும், நடவுக்குக் காணாது. அதற்குக் குளம் பெருகி மடை திறக்க வேண்டும். குளத்திலோ ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அருவிக்கு இன்னொரு தடையும் வந்தது, ஆடுகள் அசையவில்லை. நாற்று முற்றிக் கணு விட்டால் மாட்டுக்குத்தான் அறுத்துப் போட வேண்டும். மறுபடி பாவுவதற்குப் பருவமும் இருக்காது. எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட, அவ்வளவு தண்ணீரும் எங்கேதான் போய்த் தொலைகிறது என்ற கேள்வி மண்டையைக் குடைந்தது.

தடையால் கடையை அடைத்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த கணவரிடம் பைக்கை எடுக்கச் சொன்னேன்.

"தண்ணி வராட்டா, நீ போயி கையப் புடிச்சிக் கூட்டிட்டு வரப்போறியாக்கும்?" என்றார். ஆனாலும் வந்தார்.

குளத்துக்குத் தண்ணீர் வருகிற கால்வாயின் கரையோடு மேலே போனோம். உள்ளே சருகும் பிளாஸ்டிக் டம்ளரும்தான் கிடந்தன. வெகுதூரம் போனதும் மேல்குளம் வந்தது. அங்கே தண்ணீர் தளதளவென்று கிடந்தது. நிறைந்த தண்ணீர் வழிந்து எங்கள் பக்கம் இறங்குகிற கல்கட்டுக்கு மறுகால் என்று பெயர். அதைத் தொட இன்னும் ஒரு முழம் வேண்டும். மலையிலிருந்து வருவதெல்லாம் முதலில் இங்கே தங்குகிறது. இது வழிந்தால்தான் எங்களுக்கு. அருவி அன்றன்றைக்கு விழுகிற மழையைக் காட்டுகிறது, குளத்துக்கு அது கடைசியில்தான் வந்து சேருகிறது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாளே மழை நின்றது, தடையை நீக்கினார்கள். அவர் விசிலடித்துக்கொண்டே கடைக்குப் போனார். எனக்கு எரிச்சலான எரிச்சல். ஒரு முழத்தில் நின்றுவிட்டதே என்று மனசு கேட்காமல் தினமும் மேல்குளத்துக்குப் போனேன். தண்ணீர் ஓரத்தில் செங்கல் துண்டால் ஒரு கோடு போடுவேன். மறுநாள் பார்த்தால் கோடு முங்கியிருக்கும். மழையே இல்லை, தண்ணீர் ஏறுகிறது! குடித்ததையெல்லாம் மலை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க நாற்றுக்கவலைகூடக் கொஞ்சம் மறந்துபோனது.

நல்ல வெயில் அடித்த ஒரு காலையில் மறுகால் வழிந்தது. தண்ணீர் சருகைத் தள்ளிக்கொண்டு, குழி கண்ட இடமெல்லாம் நின்று நிறைந்து, மெதுவாகக் கால்வாயில் இறங்கியது. நானும் அதன்கூடவே நடந்தேன். சில இடங்களில் முந்திப் போய், அது வரட்டும் என்று காத்து நின்றேன். எங்கள் குளத்துக்குள் அது விழுந்ததும் அவருக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, குளத்துக்குத் தண்ணி வந்துட்டு!"

அந்தப் பக்கம் சாமிமார் கூச்சலும் எண்ணெய் பொரிகிற சத்தமுமாக இருந்தது.

"ஏட்டி, வெளாடுதியா? இங்கன கூட்டம் அம்முது. அருவி மட்டா விழுது, சின்னப் புள்ளைலாம் நின்னு குளிக்கு. தடையே போடலயே, அங்கன எப்படித் தண்ணி வரும்?"

நான் குனிந்து, போனைத் தண்ணீர் விழுகிற இடத்தில் பிடித்தேன். அப்புறம் மறுபடி காதில் வைத்தேன்.

"அப்போ இத்தன வருசமா நாம ரெண்டு பேரும் சாமிகிட்ட எதிரும் புதிருமா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு, "நடவுக்கு ஆளு சொல்லிட்டியா?" என்று கேட்டார்.