சந்துக்குள் ஊதிய அனல்

வெந்நீர் அண்டாவின் மூடியைத் திறந்ததுபோல் முகத்தில் அடித்த அனலோடுதான் அந்தக் கோடை எனக்கு நினைவிருக்கிறது. நான் ஏழாம் வகுப்பு முடித்த ஆண்டு, பங்குனி உற்சவத்துக்கு மறுவாரம், மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு முதல் ஏ.சி. வந்தது. அதன் முதுகு, பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவிலிருந்த சந்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. பின்கட்டில் குடியிருந்த செல்வி அக்கா அந்தச் சந்தின் நிழலில்தான் மதியம் முழுக்க மல்லிகை தொடுத்து, மாலையில் குளக்கரையில் விற்பார். மொக்காக இருந்தால்தான் விலைபோகும்.

"இன்னா சார், உங்க மிசினு ஊதுறதுல மொக்கெல்லாம் இப்பவே வாயப் பொளந்துகினு கீது. சாயங்காலம் எவ வாங்குவா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

பள்ளியில் இயற்பியல் நடத்திய அப்பாவுக்குச் சுருக்கென்றது. "மீட்டர் ஓடுது" என்ற கவலையும் அவருக்கு எப்போதும் உண்டு. மதியம் சாப்பிட்டதும் எல்லோரும் ஒரே அறையில் பாய் விரித்துப் படுப்போம். கண் அசருவதற்குள் அவர் எழுந்து நிறுத்திவிடுவார். அதுவரை ஈரச்சாக்கில் பூவை மூடிக் காத்திருக்கும் செல்வி அக்கா, உறுமல் அடங்கியதும் கூடையோடு வெளியே வருவார்.

"கொஞ்சம் பொறும்மா. அடுத்து வாங்கறது கரண்ட் கம்மியா இழுக்கும். அனலும் குறையும்" என்றார் அப்பா. அதை அவர் உண்மையாகவே நம்பினார்.

நான் கல்லூரியில் சேர்ந்த கோடையில் புதியது வந்தது. சொன்னபடியே குறைவாக இழுத்தது. அதனாலேயே அப்பா மதியத்தில் எழுந்திருப்பதை விட்டார். "அதான் கம்மியா இழுக்குதே" என்று சொல்லிச் சொல்லியே அண்ணன் அறைக்கு ஒன்று, மறுகோடையில் கூடத்துக்கு ஒன்று வந்தது. கட்டணம் பழைய நாளைவிட ஏறியது. சந்துக்குள் மூன்று முதுகுகள் ஊதின.

"மிச்சமான கரண்ட வீணாக்கக் கூடாதுன்னு இன்னும் ரெண்டு வாங்கிட்டீங்களா சார்?" என்று செல்வி அக்கா சிரித்தார். அன்று முதல் அப்பா மறுபடியும் மதியத்தில் எழுந்தார். அவர் ஒன்றை நிறுத்தினாலும் மற்ற இரண்டும் ஓடின. அந்த ஆடிக்குள் செல்வி அக்கா பூவை விட்டுவிட்டு, பெருங்குடியில் ஓர் அலுவலகத்தில் தரை துடைக்கப் போனார்.

இன்று அந்த இடத்தில் அடுக்ககம்; அதில் ஒரு வீடு எங்களுடையது. சந்துப் பக்க ஜன்னல்களை அடைத்துவிட்டோம். சுவர் முழுக்க இயந்திரங்கள், ஒவ்வொன்றும் அப்பா வாங்கியதைவிடச் சிக்கனமானது. போன மே மாதம் பாரம் தாங்காமல் தெருவின் டிரான்ஸ்ஃபார்மர் நின்றபோது எல்லோரும் வாசலுக்கு வந்தோம். எதைக் குறைக்கலாம் என்று யாரும் பேசவில்லை. அடுத்து எந்த மாடல் வாங்கலாம் என்றுதான் கரண்ட் வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.