மடியில் போன சிறுநீர்

ஆர்.கே.பேட்டையில் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றும் விஜியின் வேலையில் குறை சொல்ல ஆள் கிடையாது. அடுத்தவர் வேலையில் குறை சொல்லத்தான் அவள் இருந்தாளே! அந்த வாயே ஒரு நாள் அவளை மாட்டிவிட்டது.

மூன்று வயது மகள் பங்காருவுக்கு எடையே ஏறவில்லை. திருத்தணியில் ஓர் ஆஸ்பத்திரியில் குடலைச் சோதித்தார்கள். துகள் சின்னதாக ஒன்று, பெரியதாக ஒன்று என இரண்டு விதச் சர்க்கரை கலந்த தண்ணீரைக் குடிக்க வைத்து, ஐந்து மணி நேரச் சிறுநீரை முழுதாகக் கேனில் பிடிக்க வேண்டும். குடல் நன்றாக இருந்தால் சின்னச் சர்க்கரை உள்ளே இறங்கிச் சிறுநீரில் வந்துவிடும். குடலில் கசிவு இருந்தால்தான் பெரியது அதிகம் வரும். "ஒரு சொட்டு கூட வெளிய போவக் கூடாதுக்கா," என்றாள் நர்ஸ் அனிதா.

பக்கத்தில் கல்பனா என்றொருத்தி. அவள் பிள்ளை தரையில் மூத்திரம் பெய்துவிட்டது. அவள் போய்ச் சொன்னாள், இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார்கள். "புள்ளையப் பாக்காம இன்னாத்த பாத்துகினு இருந்தா?" என்று விஜி எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள், பங்காரு உட்கார்ந்திருந்த அவள் மடி சுடச்சுட நனைந்தது. எழுந்து போய்ச் சொல்ல வாய் வரவில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் பாட்டில் தண்ணீரைக் கேனில் ஊற்றி அளவைச் சரிக்கட்டினாள்.

பத்து நாள் கழித்து அனிதா கூப்பிட்டாள். புருஷன் தணிகைமணியும் கூடப் போனான். "சின்னச் சக்கரை ரொம்பக் கம்மியா வந்துகீதுங்க. குடல் சாப்பாட்டுச் சத்தை இழுக்கல போல. மெட்ராஸ்ல வாய் வழியா குழாய் வுட்டுப் பாக்கணும்."

தணிகைமணியின் முகம் செத்துவிட்டது. அவன் ரயில் நேரம் விசாரிக்க வெளியே போனதும் விஜி மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், புள்ள என் மடியில பேஞ்சிடுச்சி. நான்தான் தண்ணி ஊத்தனேன்."

பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அனிதா திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. மெட்ராஸுக்கு எழுதிய சீட்டைக் கிழித்துவிட்டு, "வியாழக்கிழமை வெறும் வயித்தோட கூட்டினு வாங்க," என்றாள்.

இரண்டாம் சோதனையில் சின்னச் சர்க்கரை சரியாக வந்தது, கசிவு கொஞ்சம்தான். தண்ணீரைக் காய்ச்சிக் கொடு, கையைக் கழுவு, தினம் ஒரு முட்டை கொடு என்றார்கள். குழாய் வேண்டியிருக்கவில்லை.

'மறுபடியும் பார்க்கச் சொன்னார்கள்' என்று மட்டுமே விஜி புருஷனிடம் சொல்லியிருந்தாள். அவனுக்கு எல்லாம் முருகன் செயல். கிருத்திகை தவறாமல் பங்காருவைத் தோளில் தூக்கிக்கொண்டு மலைப்படி ஏறுகிறான். எதிரில் வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "குழாய் வுடணும்னு சொன்ன புள்ளங்க இது. ஒரே வாரத்துல முருகன் சரி பண்ணிட்டாரு," என்கிறான். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அவனுக்கு நாலு படி பின்னால் விஜி, தலை நிமிராமல் ஏறுகிறாள்.