சாலம்மாளின் வளை நெல்

வடக்கனந்தலுக்கு மேற்கே ஆதிமூலம் ஐயாவின் நெல் வயலில் சாலம்மாள் அக்காவும் நானும் கூலி வேலை செய்தோம். அக்காவுக்கு நிலம் இல்லை. வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு பெண் பிள்ளைகள். அறுப்பு முடிந்தால் அடுத்த வேலைக்கு ஒன்றரை மாதம் ஆகும். அதுவரை அவள் வீட்டுச் சோறு எலி வளையிலிருந்துதான் வந்தது.

எலி கதிரைக் கடித்து இழுத்துப்போய் வளைக்குள் அடுக்கி வைத்திருக்கும். அறுத்த வயலில் அதைத் தோண்டி எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். யாரும் கேட்க மாட்டார்கள். அக்கா முதலில் வரப்போரப் பனைமரத்தடிக்குப் போவாள். மரத்தில் ஒரு கோட்டான் இருந்தது. தின்ற எலியின் மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிப் போடும். உருண்டை நிறையக் கிடந்தால் பக்கத்தில் வளையும் நிறைய இருக்கும்.

"இவ்ளோ பெரிய வயலு, இத்தினி எலி. கோட்டான் மட்டும் ஏங்க்கா ஒண்ணே ஒண்ணு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எலி தின்னதெல்லாம் ஓடியே தீத்துடுது. ஒடம்புல ஒட்டுனதுதான் கோட்டானுக்கு. நாம மட்டும் இன்னா? தின்ன சோறு நாத்து நடவே பூடுது. நம்மளப் புலி தின்னாலும் அதுக்குப் பசி அடங்காது."

எழுபத்தெட்டாம் வருஷம் தை மாதம் அக்காவுக்காக இரண்டு நாள் தோண்டினோம். அக்காவுக்கு ஒரு மூட்டை சேர்ந்தது. மூன்றாம் நாள் காலையில் கோட்டான் மரத்தடியில் செத்துக் கிடந்தது. காயம் இல்லை. அக்கா குச்சியால் புரட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

"எலியத் தின்னுதான் செத்திருக்கு. எலி இன்னாத்த தின்னுச்சோ."

"புள்ளைங்க சாப்ட்டுதாக்கா?"

"இன்னும் நெல்லக் குத்தல. பாயில காயுது."

நேராக ஆதிமூலம் ஐயா வீட்டுக்குப் போனோம்.

"மருந்தா? ஆமா, அறுத்த அன்னிக்கே பொரியில கலந்து வளைக்கு வளை வச்சேன். அடுத்து உளுந்து போடணுமில்ல? ஆட்டுக்காரங்க எல்லாருக்கும் சொல்லி அனுப்புனனே."

"எங்களுக்குச் சொல்லலீங்களே."

"நீங்க ஆடா வச்சிருக்கீங்க?" அவர் கிண்டலாகக் கேட்கவில்லை.

"ஆடு இல்லீங்க. நாங்கதான் மேயறோம்."

அவர், "கொட்டிடு" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

பனைமரத்தடியில் குழி வெட்டி, கோட்டானையும் ஒரு மூட்டை நெல்லையும் போட்டு மூடினோம். கோழி கொத்திவிடக்கூடாது என்று அக்கா பாயை இரண்டு முறை உதறினாள். மறுநாள் பிள்ளைகளோடு மலைமேல் கரியாலூருக்குக் கூலிக்குக் கிழங்கு பிடுங்கப் போனாள்.

அடுத்த வருஷம் அந்தப் பக்கம் கோட்டான் இல்லை. எலி பெருகிக் கால்வாசி விளைச்சலைத் தூக்கிப் போய்விட்டது. "மருந்து வைக்கல, வந்து தோண்டிக்கச் சொல்லு" என்று ஐயாவே ஆள் அனுப்பினார். அக்கா தோண்டினாள். வளைக்கு வளை நெல், அதற்கு முன் பார்க்காத அளவு. வீட்டுக்கு வந்ததும் ஒரு பிடி எடுத்துத் தன் ஒரே கோழிக்குப் போட்டாள். பிறகு தாயும் பிள்ளைகளுமாக மூன்று பேரும் அடுப்பு மூட்டாமல், மறுநாள் காலைவரை அந்தக் கோழியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.