பதினோரு பேர் முன்னால்

என் அக்கா நகம் கடிப்பவள். பத்து விரலிலும் சாயம் பூச இடமே கிடையாது. அவளைப் பார்த்துத்தான் ஆய்வகத் தலைவர், "உங்க நகச்சாயம் அழிக்கிற தண்ணிதாம்மா எல்லாத்தையும் கெடுக்குது" என்று பதினோரு பேர் முன்னால் சொன்னார்.

காற்றில் துளியூண்டு கலந்திருக்கும் வாயுவைக்கூடக் கண்டுபிடிப்பது அவள் வேலை. முடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை, உள்ளே வெறும் பொந்து. அதற்குள் காற்றை இழுத்து, லேசர் ஒளியை ஓடவிட்டால், எந்த வாயு எவ்வளவு ஒளியை விழுங்கியது என்பது திரையில் மேடாக எழும். கொஞ்ச நாளாக, இருக்கக் கூடாத மேடு ஒன்று தலைகாட்டியது: நகச்சாயம் அழிக்கும் தண்ணீரில் இருக்கும் அசிட்டோன். பழி அக்கா தலையில் விழுந்தது. பதினாறு வருடம் உட்கார்ந்த மேசையிலிருந்து அவளைக் கிடங்குக்குத் தள்ளினார்கள்.

அவள் போன பிறகும் மேடு போகவில்லை. "எல்லாம் அவங்க விட்டுட்டுப் போன மிச்சம்" என்றார் தலைவர், வாய் கூசாமல்.

அளவுத்தாள்கள் கடைசியில் கிடங்குக்குத்தான் வரும். அக்கா அவற்றை விடுப்புப் பதிவேட்டோடு வைத்துப் பார்த்தாள். தலைவர் வராத நாட்களில் மேடே இல்லை. காற்றை இழுக்கும் குழாய்மேல் குனிந்து நின்று பேசுவது அவர் பழக்கம்.

நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். அவர் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிப்பதையும் இளைத்துக்கொண்டே போவதையும் அவள் சொன்னதும் புரிந்துவிட்டது.

"சர்க்கரை ஏறிக் கெடக்கு. அதான் மூச்சுல அசிட்டோன். நீ பேசாம இரு அக்கா, ஒருநாள் தானா விழுவான்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"அவன் செத்துட்டா யாருடி எங்கிட்ட மன்னிப்பு கேப்பா?" என்றாள்.

மறுநாள் அதே பதினோரு பேர் கூடியிருக்கையில் தாள்களை விரித்துவைத்து, அவரை அந்தக் குழாயில் ஊதச் சொன்னாள். சிரித்துக்கொண்டே ஊதினார். மேடு திரையைத் தாண்டிப் போனது.

"இது என் நகம் இல்ல சார், உங்க மூச்சு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

பத்து நாள் படுக்கையில் கிடந்து திரும்பியவர் நேராகக் கிடங்குக்கு வந்தார்.

"என் உயிரக் காப்பாத்திட்டீங்கம்மா. ரொம்ப நன்றி."

"நன்றிய நீங்களே வச்சுக்குங்க. மன்னிப்பு கேளுங்க. இங்க இல்ல, அங்க."

அந்தப் பதினோரு பேர் முன்னால் கேட்டார், தலை குனிந்து முணுமுணுப்பாக. அக்கா தன் பழைய நாற்காலியில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல சார்."

இரண்டாவது தடவை உரக்கவே கேட்டார்.