எலுமிச்சையில் மஞ்சளான குங்குமம்

கலப்படம் இல்லாமல் சரக்கு விற்பவளுக்கு இந்தப் பக்கத்தில் எவ்வளவு மரியாதை என்று தெரிய வேண்டுமா? நகரி ஸ்வர்ணலதாவைக் கேளுங்கள். கேட்டால் திட்டுவாள். திட்டட்டும், அவளுக்கு அந்த உரிமை உண்டு.

திருப்பதியில் வேதியியல் பட்டம் வாங்கியவள் அவள். வேலைக்கு அலையோ அலையென்று அலைந்து, கடைசியில் ஒரு தனியார் பள்ளியில் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தாள். அவர்கள் ஆய்வகத்தையே இழுத்து மூடிவிட்டு அந்த அறையில் கம்ப்யூட்டர் வைத்துவிட்டார்கள். கணவர் கோவர்த்தனன் வீட்டை ஒட்டிய ஷெட்டில் பவர்லூம் ஓட்டுகிறார். படித்த படிப்பு வீணாகக் கூடாது என்று இவள் குங்குமம் செய்ய ஆரம்பித்தாள். நல்ல மஞ்சளை அரைத்து, சுண்ணாம்புத் தெளிநீர் விட்டுப் பிசைந்தால் மஞ்சள் சிவந்துவிடும். நிழலில் உலர்த்திச் சலித்தால் குங்குமம் தயார். சாயம் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. அந்தத் தெம்பில்தான் பாக்கெட்டின் மேல் தன் பெயரையே போட்டாள், ஸ்வர்ணலதா மஞ்சள் குங்குமம் என்று.

திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கம் பூஜை சாமான் கடை வைத்திருக்கும் உமாபதிதான் அவளிடம் மூட்டையாக வாங்கும் ஒரே ஆள். அவர் வாங்கினால் தொழில் நடக்கும், நிறுத்தினால் படுத்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவரிடமிருந்து போன். "யம்மா, ஒடனே பொறப்பட்டு வா. உன் குங்குமத்தால என் மானம் போய்க்கினு இருக்குது."

பதறியடித்துக்கொண்டு போனாள். கடையில் சாய்குமார் என்று ஒருவன் கொதித்துப்போய் நின்றிருந்தான். புதிதாக மினி லாரி எடுத்தவன், அன்று காலை பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்துக் குங்குமம் தடவி வண்டி முன்னால் வைத்திருக்கிறான். கற்பூரம் அணைவதற்குள் குங்குமம் மஞ்சளாகிவிட்டது. அவன் அம்மா அபசகுனம் என்று அழுது, வண்டியை எடுக்கவே கூடாதென்று சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாளாம்.

"டூப்ளிகேட் சரக்கா விக்கிறீங்க? சாமி விஷயத்துல வெளயாடறீங்களா?" என்று எகிறினான்.

ஸ்வர்ணலதாவுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் பொறுமையாகத்தான் ஆரம்பித்தாள், பாவம். "டூப்ளிகேட் இல்லீங்க. எலுமிச்சம்பழத்துல இருக்கறது அமிலம். சுண்ணாம்பு அதுக்கு எதிர், காரம். காரம் பட்டா மஞ்சள் செவக்கும். அதும்மேல அமிலம் பட்டா காரத்தோட வேலை அடங்கிப்பூடும், மஞ்சள் பழையபடி மஞ்சளாவே ஆயிடும். அசல் மஞ்சள்ல செஞ்சதாலதான் இது மாறுது."

அவன் உமாபதியைப் பார்த்தான். உமாபதி விட்டத்தைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் லிட்மஸ் தாளை நனைக்காதவர்கள் யார் இருக்கிறார்கள்? பரீட்சை முடிந்த கையோடு எல்லாவற்றையும் மறந்து தொலைத்துவிட்டால் என்னதான் செய்வது?

வாயால் சொன்னால் ஏறாது, செய்தே காட்டுவோம் என்று பக்கத்துப் பீடாக் கடையில் சுண்ணாம்பு வாங்கி வந்தாள். சாய்குமார் கொண்டுவந்திருந்த எலுமிச்சை மூடியின் மேல் புளிப்பு அடங்கும்வரை தடவினாள். மஞ்சள் மறுபடி சிவந்தது. பிறகு கடையில் தொங்கிய மலிவுக் குங்குமம் ஒன்றைப் பிரித்து இன்னொரு மூடியில் வைத்தாள். அது அசையவில்லை. சுண்ணாம்பைத் தடவியும் அதே சிவப்பு.

"பாத்தீங்களா? எதுக்குமே மாறல. இதுல மஞ்சளே இல்ல, வெறும் சாயம்."

ஜெயித்துவிட்டோம் என்று நிமிர்ந்தாள். இரண்டு பேர் முகமும் மலர்ந்துதான் இருந்தது, ஆனால் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது சாயக் குங்குமத்தை.

"இதான்யா குங்குமம்! இன்னா கெட்டியா நிக்குது பாரு. இதுல ரெண்டு பாக்கெட் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு போயே போய்விட்டான் சாய்குமார்.

உமாபதி தாடையைத் தடவிக்கொண்டே கேட்டார். "அப்ப இத்தினி நாளா குங்குமம்னு சொல்லி எனக்கு மஞ்சப் பொடியத்தான் குடுத்துக்கினு இருந்தியா?"

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது ஸ்வர்ணலதாவுக்கு.

"கோச்சிக்காதம்மா" என்று அவரே இறங்கி வந்தார். "இங்க வண்டி பூஜை, கடை பூஜைனு வர்றவங்கதான் ஜாஸ்தி. எலுமிச்சங்கா இல்லாம எவன் பூஜை போடறான்? கொஞ்சம் சாயம் கலந்து குடு, எப்பவும்போல எடுத்துக்கறேன். பாக்கெட்ல உன் பேரு அப்படியே இருக்கட்டும். மஞ்சள் குங்குமம்னா ஜனம் ஆசையா வாங்குது."

"சாயத்த கலந்து மஞ்சள்னு விக்கறதுக்கு என் பேரு எதுக்குணா? உன் பேரு போட்டுக்கோ."

"என் பேரா? நாளைக்கு எவனாவது நெத்தி அரிக்குதுனு வந்து நின்னா?"

சாயம் கலக்க முடியாது என்று சொல்லிவிட்டாள். விற்காத பாக்கெட்டுகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு நகரி பஸ் ஏறினாள். வழியெல்லாம் உமாபதியைத் திட்டினாள், சாய்குமாரைத் திட்டினாள், பட்டம் கொடுத்த காலேஜையும் விடவில்லை. முடியாது என்று சொல்லிவிட்டு வந்தது சரிதானா என்று நடுநடுவே தன்னையே கேட்டுக்கொண்டாள். சரிதான் என்று கோவர்த்தனன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூடவே உட்கார்ந்து மஞ்சள் சலிக்கிறவர், அவருக்குத் தெரியாதா என்ன?

வீட்டுக்கு வந்தபோது அவர் தறி ஷெட்டில் வெள்ளிக்கிழமை பூஜையை முடித்திருந்தார். வாசலின் இரண்டு பக்கமும் எலுமிச்சை மூடிகள். குங்குமம் செக்கச்செவேலென்று இருந்தது.

"இது எந்தக் குங்குமம்?"

கோவர்த்தனன் அகப்பட்டுக்கொண்டவர்போல் விழித்தார். "கடையில வாங்கினதுதான், லதா. நீ செய்ய ஆரம்பிச்ச மொத வாரம் உன்னுதத்தான் வெச்சேன், மஞ்சளா மாறிப்பூச்சு. மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. சொன்னா நீ வருத்தப்படுவியேனு சொல்லல."

அவள் தோளிலிருந்த மூட்டையை இறக்கி வைத்தாள். அப்போதுதான் அவர் மூட்டையைக் கவனித்தார்.

"இன்னா, சரக்கு திரும்பி வந்துடுச்சு? உமாபதி இன்னா சொன்னாரு?"

"நீங்க சொன்னதத்தான் சொன்னாரு" என்றாள் ஸ்வர்ணலதா.