சகலையின் இரண்டு ஸ்டெப்னி

என் சகலையின் ஜீப்பைப் பின்னாலிருந்து பார்த்தால் ஜீப் தெரியாது, இரண்டு சக்கரங்கள்தான் தெரியும். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்த இரும்புச் சட்டத்தில் இரண்டு ஸ்டெப்னிகளையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு, அதை முதன்முதலாக எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்து ஹாரன் அடித்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புதுச்சேரித் தெருக்கள் நேராக இருக்குமே தவிர அகலமாக இருக்காது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் திட்டிக்கொண்டிருக்க, இவர் நிதானமாக இறங்கி, "எப்பிடி சகலை?" என்றார். "ஓடுறது நாலு, ஓய்வெடுக்கறது ரெண்டாண்ணே?" என்றேன். அவருக்குக் கோபமே வராது. சக்கரத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு டீ கேட்டார்.

சகலை என்றால் என் மனைவியின் அக்காவுடைய கணவர். ஒரு மருந்துத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒன்று கையில் இருந்தால் இன்னொன்று அலமாரியில் இருக்க வேண்டும் என்பது அவருக்கு வேலையோடு போகாத பழக்கம். வீட்டில் டார்ச் இரண்டு, இஸ்திரிப்பெட்டி இரண்டு, பழைய மூக்குக் கண்ணாடிகூட இரண்டு. குழந்தை மட்டும் ஒன்றுகூட இல்லை. அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

ஓய்வு பெற்றதும் எல்லோரையும் போலக் கோயில் குளம் என்று போகாமல், பழைய ஜீப் ஒன்றை வாங்கிக் காடு மலை என்று கிளம்பிவிட்டார். மேலே ஒரு கேரியர். அதில் கூடாரம், மடக்கு நாற்காலிகள், படுக்கைகள், தார்ப்பாய். உள்ளே அடுப்பு, தண்ணீர் கேன், ஜாக்கி, கயிறு, மண்வெட்டி. மலைக்குப் போகிறாரா குடிபெயர்ந்து போகிறாரா என்று தெருவில் கேட்பார்கள். ஆனால் அடுக்குவதில் ஒரு கணக்கு வைத்திருந்தார். ஒருமுறை நான் உதவி செய்கிறேன் பேர்வழி என்று தண்ணீர் கேனைத் தூக்கி மேலே வைத்துவிட்டேன். சத்தமில்லாமல் இறக்கி, முன்சீட்டுக்குப் பின்னால் தரையோடு வைத்துக் கட்டினார். "மேல கனம் ஏத்துனா வளைவுல வண்டி நம்ம பேச்சக் கேக்காது சகலை. கனமெல்லாம் கீழதான் இருக்கணும்." ஸ்டெப்னியைக் கேரியரில் போடாமல் பின்னால் தனிச்சட்டத்தில் மாட்டியதும் அதனால்தான்.

எங்கள் தெருவில் நின்ற ஒரு வேனிலிருந்து ஸ்டெப்னி திருட்டுப் போன மறுநாளே இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்துத் தடியான சங்கிலியும் திண்டுக்கல் பூட்டும் போட்டார். யானையைக் கட்டும் சங்கிலியாண்ணே என்று கேட்டேன். "யானைய யாரு திருடப் போறா?" என்றார்.

கூடாரத்தைப் பழகிக்கொள்ள என்று ஒருநாள் பிற்பகல் என்னைக் கனகசெட்டிக்குளம் கடற்கரைக்கு அழைத்துப் போனார். மணலில் ஓட்டுவதற்கு டயரில் காற்றைக் குறைத்து, மீன்வலைகள் காயும் இடத்துக்கு அப்பால் கூடாரம் அடித்து, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தோம். அங்கேதான் விஷயத்துக்கு வந்தார். அவர் இருதயம் சரியில்லை, டாக்டர் நம்பிக்கையாகப் பேசவில்லை. "எனக்கு ஒண்ணுன்னா அவளுக்கு யாரு சகலை இருக்கா? கூடப் பொறந்தது ஒருத்திதான். அந்த ஒருத்திகூட பேச்சு இல்ல."

உண்மைதான். அக்காவும் தங்கையும் ஒரு வருடத்துக்கு மேலாகப் பேசவில்லை. காரணம் ஒரு மாதா சுரூபம், மரியன்னை சிலை. என் மாமியார் வீட்டில் மாடத்தில் இருந்தது, ஒரு முழத்துக்கும் குறைவான உயரம், ஒரு கை விரலில் பூச்சு போயிருக்கும். அந்த வீட்டில் எந்த நல்ல காரியத்துக்கும் முதல்நாள் சாயங்காலம், எடுத்துப் போக வேண்டியதை மாதாவின் காலடியில் வைத்துவிட்டுத்தான் மறுநாள் எடுப்பார்கள். பரீட்சை ஹால் டிக்கெட், பேனா, டாக்டர் சீட்டு, பயணம் என்றால் வண்டிச் சாவி. மாமியாரைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்டவள் என் மனைவி. சுரூபத்தை எடுத்துக்கொண்டு போனவர் அக்கா, யாரையும் கேட்காமல். முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு வார்த்தை தடித்து, சொல்லக் கூடாததை இருவரும் சொல்லிவிட்டார்கள். எனக்கு அப்போது இரண்டு பேர் மேலும் எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால், அம்மா போன துக்கத்தை வேறு எப்படிப் பங்கு போடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை என்று தோன்றுகிறது.

சகலை நேராக என் மனைவியிடம் வந்து, "எனக்காக ஒரே ஒரு தடவ வாம்மா" என்று கேட்டார். மாமா கேட்டு அவளால் மறுக்க முடியாது. கல்வராயன் மலைக்கு நால்வரும் கிளம்பினோம். என்னை முன்சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, சகோதரிகள் இருவரையும் பின்சீட்டில் ஏற்றினார். கூடாரத்துக்கு அன்று கேரியரில் இடமிருந்தும் இவர்கள் அதைச் சுருட்டி நடுவில் நிறுத்தி வைத்துக்கொண்டார்கள். வில்லியனூர் தாண்டினோம், விழுப்புரம் தாண்டினோம், கள்ளக்குறிச்சியும் போயிற்று. "அவங்கள அந்தத் தண்ணி பாட்டில எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க" என்று அக்கா தன் கணவரிடம் சொல்வார். என் மனைவி கூடாரத்துக்கு மேலாகப் பாட்டிலை நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். சகலை கண்ணாடியில் பின்னால் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதுமாக ஓட்டினார். திட்டம் சொதப்பிவிட்டது என்றே நினைத்தேன்.

மலையில் தார் முடிந்து கல்பாதை தொடங்கிக் கொஞ்ச தூரத்தில் முன்டயர் ஒன்றைக் கூரான கல் கிழித்தது. நாங்கள் முகம் சுளித்தோம். சகலையின் முகத்தில் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "இதுக்குத்தான் சகலை!" என்று துள்ளி இறங்கி ஜாக்கியைப் போட்டார், ஸ்பேனரை எடுத்தார், பின்பக்கம் போனார். பிறகு சத்தத்தைக் காணோம். எட்டிப் பார்த்தால் ஒவ்வொரு பையாகத் தடவிக்கொண்டு நிற்கிறார்.

"பூட்டுச் சாவி எங்க?" என்றார் தன் மனைவியிடம்.

"நேத்து எல்லாச் சாவியயும் மாதா கிட்ட வச்சேன். நீங்கதான காலைல எடுத்தீங்க?"

"நான் வண்டிச் சாவிதான எடுத்தேன்."

"அப்ப சின்னது பூவுக்கு அடியில இருக்கும்" என்றார் அக்கா, குரல் இறங்கிப்போய்.

இரண்டு ஸ்டெப்னியும் பின்னால் பத்திரமாக இருக்கின்றன. சாவி புதுச்சேரியில் மாதாவின் காலடியில் இருக்கிறது. கல்லை எடுத்துப் பூட்டின் மேல் நான் போட்ட போட்டில் கல்தான் பிளந்தது. எல்லாவற்றிலும் இரண்டு வைத்திருக்கும் மனிதர் அந்தப் பூட்டின் இன்னொரு சாவியையும் அதே வளையத்தில்தான் கோத்திருந்தார். எனக்கு வந்த கோபத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்சீட்டிலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது.

"எந்தப் பக்கம் வச்ச?"

அக்கா அவள் பக்கம் திரும்பினார். "வலது பக்கம். அம்மா வைக்கிற எடத்துலதான்."

"எடது பக்கம்?"

"மாமாவோட மருந்துச் சீட்டு."

என் மனைவிக்கு முதலில் வந்தது சிரிப்புதான். "அம்மா இருந்தா என்ன சொல்லும் தெரியுமா? மாதா காவல் இருக்காங்க, சாவி எங்கயும் போவாதுன்னு சொல்லும்." அக்காவும் சிரித்தார். அப்படியே மாமியாரின் குரலில் இன்னொன்றைச் சொன்னார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. நடுவில் இருந்த கூடாரம் சரிந்து கீழே விழுந்ததை இருவருமே கவனிக்கவில்லை. சகலை என் கையைப் பிடித்துக் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

கிழிந்த டயரைக் கழற்றி, அந்த வழியாக வந்த ஒருவரின் பைக்கில் மடியில் வைத்துக்கொண்டு அடிவாரத்துப் பஞ்சர் கடைக்கு நான்தான் போனேன். இருதய நோயாளியை அனுப்ப முடியுமா? ஒட்டுப் போட்டு, உள்ளே டியூப் வைத்து, வண்டி பிடித்துத் திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. முட்டி வலி உயிர் போயிற்று. நாலு வார்த்தை கேட்கலாம் என்றுதான் வந்தேன். மரத்தடியில் கூடாரம் நின்றது. வாசலில் இரண்டு ஜோடிச் செருப்புகள். சகலை அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்தார். உள்ளே அக்காவும் தங்கையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பகல் முழுக்கப் பேசித் தீர்த்துவிட்டுக் களைத்துப் போனார்களாம். என்ன பேசினார்கள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் இன்றுவரை கேட்கவில்லை. டயரை ஓசைப்படாமல் தரையில் சாய்த்து வைத்தேன். அவர் தட்டில் சூடாகச் சோறு போட்டுக் கொடுத்தார்.

இப்போது அந்த ஜீப் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. பெரிய மார்க்கெட்டில் காய்கறி வாங்க எடுத்துப் போனால் நிறுத்த இடம் கிடைக்காமல் நாலு சுற்று சுற்ற வேண்டியிருக்கிறது. பின்னால் ஒரு சக்கரத்தையாவது கழற்றிவிடலாமே என்று நான் சொன்னபோது சகோதரிகள் இருவரும் ஒரே குரலில் கூடாது என்றார்கள். சுரூபம் அக்கா வீட்டில்தான் இருக்கிறது. அது யாருக்கு என்ற பேச்சை யாரும் முடித்ததாகத் தெரியவில்லை. போன வாரம்கூட ஏதோ ஒரு குழம்பு விஷயத்தில் இருவருக்கும் சண்டை. அவர் இருந்திருந்தால் இந்தச் சண்டையைக் கேட்டு மகிழ்ந்திருப்பார் என்று நினைத்தேன். அவரில்லாமல் அதை நான் தனியாகக் கேட்க வேண்டியிருப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மலைக்குப் போய்வந்த மறுவருடம், ஒரு விடிகாலையில் அவர் போனார். தூக்கத்திலேயே போய்விட்டார். அக்கா எழுப்பிப் பார்த்திருக்கிறார். பக்கத்து வீட்டில் ஆள் இருந்தது, டாக்டர் நம்பர் போனில் இருந்தது, என் நம்பரும் இருந்தது. அடித்தது என் மனைவியின் போன். நான் விழித்துப் பார்க்கும்போது அவள் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாள். போனில் அந்தப் பக்கம் பேச்சே இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. இவளும் என்ன, ஏது என்று கேட்கவில்லை. "தோ வந்துட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டு, செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்தாள்.