எதுவரைக்கும் பாப்பா

பிள்ளைக் கோட்டு ஒன்றின் கீழ்ப்புறமாகக் கையை உள்ளே விட்டு, மூடிய முட்டியைக் குல்லாவுக்குள் நுழைத்து, இடது கையால் ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றிவிடுகிறார். இப்போது அவருடைய முழங்கைக்கு மேலே ஒரு குட்டி ஆள் நிற்கிறது. அதற்கு முகம் இல்லை. சிவப்புக் கோட்டு மட்டும் இருக்கிறது. மணிக்கட்டை லேசாக வளைத்தால் அது குனிந்து வணக்கம் சொல்கிறது.

"வாப்பா ராசா. மேலே என்ன துணி? உள்ளே என்ன பஞ்சு? பொய் சொல்லாம சொல்லணும்."

குல்லாவைக் காதோடு சேர்த்து வைத்துக் கேட்கிறார். பெட்டி தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நிற்கிறார்கள்.

"என்ன மாமா சொல்லுது?"

"மேலே நைலான், உள்ளே பருத்தி, நடுவுல செயற்கைப் பஞ்சு. பையன் கோட்டு. பசிக்குதாம். எழுதிக்கோ, பசியை மட்டும் விட்டுடு."

சுங்கத்துறையின் சரக்குக் கொட்டகையில் அவருக்குப் பொம்மை மாமா என்று பெயர். ஆள் பார்க்க அலமாரி மாதிரி இருப்பார். ஒரு கையால் ஒரு பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடப்பார். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் பிள்ளைகளின் குளிர்கோட்டுகளைச் சோதிப்பதுதான் அவர் பிழைப்பு. யானைக்குப் பூத்தொடுக்கிற வேலை கொடுத்தது போல என்று புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். நாலு நாள் பார்த்தபின் சிரிக்க மாட்டார்கள். அவரோடு சேர்ந்து சிரிப்பார்கள்.

எந்தப் பெட்டியைத் திறக்கும் முன்பும் ஒரு கணம் கண்ணை மூடுவார். "சாமி, உள்ளே இருக்கறது உள்ளபடியே என் கண்ணுல படட்டும்." அவ்வளவுதான் பிரார்த்தனை. கூடுதலாக ஒன்றும் கேட்க மாட்டார். கடவுளுக்கும் ஆயிரம் வேலை இருக்கும் அல்லவா.

இந்த வேலை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு விளையாட்டாகத் தெரியும். உள்ளே போனால் தலை சுற்றும். பின்னிய துணி என்றால் ஒரு வரி, தறியில் நெய்த துணி என்றால் இன்னொரு வரி. மேல்துணி என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு. உள்துணியின் சாட்சி எடுபடாது. முன்பக்கம் இடது மடிப்பு வலதின் மேல் ஏறினால் பையனுடையது, வலது இடதின் மேல் ஏறினால் பெண் பிள்ளையுடையது. எது எதன் மேல் ஏறுகிறது என்றே தெரியாமல் இருந்தால் அதையும் பெண் பிள்ளை கணக்கில் போட்டுவிடு என்கிறது சட்டம். "பாரம் தாங்கறதுன்னா எங்க தலையிலதானே" என்பார் அவர் மனைவி.

பழக்கம் கொட்டகையோடு நிற்பதில்லை. பஸ்ஸில் முன் சீட்டுப் பிள்ளையின் கோட்டு ஓரத்தைத் திருப்பிப் பார்த்துத் தாய்மாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். ஒருநாள் மின்தூக்கியில் பெரிய மனிதர் ஒருவரைப் பார்த்து, "ஐயா, தப்பா நெனைக்காதீங்க, நீங்க போட்டிருக்கறது வீட்டம்மாவோட கோட்டு" என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் குனிந்து பொத்தானைப் பார்த்தார், முகம் சிவந்தது, அடுத்த மாடியிலேயே இறங்கி ஓடினார்.

எல்லாச் சட்டத்திலும் அவருக்குப் பிடித்தது ஒன்றுதான். பிள்ளையின் உயரம் எண்பத்தாறு சென்டிமீட்டர் வரை இருந்தால் அது பாப்பா. பாப்பாவின் கோட்டுக்கு வரி ஒப்புக்குத்தான். அதற்கு மேல் ஒரு விரற்கடை ஏறினாலும் போச்சு. பாப்பா கணக்கு தீர்ந்து, பெரிய வரி வந்து உட்கார்ந்துகொள்ளும். வயது என்ன, பல் முளைத்ததா, பேச்சு வந்ததா என்றெல்லாம் சட்டம் கேட்காது. உயரம் மட்டும்தான் கேட்கும்.

அவர் மகள் பிள்ளை பெற்று வந்த வாரமே படுக்கையறை வாசல் நிலையில் எண்பத்தாறில் பென்சிலால் ஒரு கீறல் போட்டார். "இதுக்குக் கீழே இருக்கற வரைக்கும் என் பேத்தி பாப்பா. அவளுக்கு ஒரு வரியும் கிடையாது." பாப்பாவுக்கு வீட்டில் சலுகைகள் உண்டு. தாத்தா தட்டிலிருந்து எடுத்துத் தின்னலாம். பொம்மைகளைப் போட்டது போட்டபடி விடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மத்தியானத்தில் தாத்தாவின் வயிற்றின் மேல் குப்புறப் படுத்துத் தூங்கலாம். அந்த வயிறு ஏறி இறங்குகிற தாளத்தில்தான் அவளுக்குத் தூக்கம் வரும். அவளுடைய கனம் இருந்தால்தான் அவருக்கும் வரும்.

இதைப் பார்த்துப் பார்த்துப் பாட்டிக்காரி ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டார். "கீறல் போட்டது நீங்கதானே? அதைத் தாண்டின அன்னிக்கே அவளுக்குத் தனிக் கட்டில். அப்புறம் மூக்கால அழக்கூடாது." மகளும் அம்மா பக்கம் சாய்ந்தாள். பேத்தியோ ஞாயிற்றுக்கிழமைதோறும் கீறலின் கீழ் நுனிக்காலில் எம்பி நின்று, "நான் பெரிசு!" என்று கத்துவாள். அவளுக்கு வளர அவசரம்.

இந்த நிலையில்தான் கடைக்காரம்மாவின் சரக்கு வந்து இறங்கியது.

கடைக்காரம்மா ஒற்றைத் தையல் மெஷினோடு பிள்ளைகள் துணிக்கடை நடத்துகிறவர். வாய் ஓயாது, மூச்சு விடுவதைக்கூடப் பேச்சுக்கு நடுவில்தான் விடுவார். இருந்ததையெல்லாம் போட்டு, முதல் தடவையாக வெளிநாட்டிலிருந்து கோட்டு வரவழைத்திருந்தார். அவ்வளவும் பாப்பா கோட்டு என்று எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் உள்ளே இருந்த சீட்டில் அளவே இல்லை. முயல் படம் ஒரு அளவு, கரடி படம் ஒரு அளவு. அனுப்பினவர்களைக் கேட்டால் "ஒரு வயசு, ரெண்டு வயசு" என்று வயதைச் சொல்கிறார்கள்.

பொம்மை மாமா முயல் கோட்டுக்குள் கையை விட்டுக் குசலம் விசாரித்தார். துணி சொன்னது, பஞ்சு சொன்னது. கை நுனிக்கு அருகே வெளிப்புறம் ஒரு சின்ன அழுத்துப் பொத்தான் இருந்தது. முயலுக்கு மூக்குத்தி போல அலங்காரம் என்று விட்டுவிட்டார். எவ்வளவு பெரிய பிள்ளைக்கு என்பதை மட்டும் அந்தக் கோட்டு சொல்லவே இல்லை. கொட்டகை மேலதிகாரியைக் கூப்பிட்டார். எல்லோரும் மேடம் என்று அழைக்கும் அந்தப் பெண்ணுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். கண் கத்தி, நாக்கு அதைவிடக் கத்தி.

"முயல் போட்டிருக்கு மேடம்" என்றார் கடைக்காரம்மா. "முயலைப் பார்த்து யாராவது பெரிய பிள்ளைன்னு சொல்வாங்களா?"

"என் தம்பிக்குக் கல்யாணமே ஆயிடுச்சு. அவன் பனியன்ல வாத்து இருக்கு."

"மேடம், பெரிய வரி போட்டா என்னால எடுக்கவே முடியாது. இங்கேயே விட்டுட்டுப் போகவேண்டியதுதான். கடையையும் பூட்டணும். குளிர் வாசலுக்கு வந்துடுச்சு, நான் வெறும் அலமாரியை வெச்சுக்கிட்டு யாரைக் கூப்பிடுவேன்?"

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது. மேடமும் நாக்கை அடக்கிக்கொண்டார்.

"பிள்ளை உயரந்தான் சட்டம் கேக்குது. அப்போ போட்டுப் பார்க்க ஒரு பிள்ளை வேணும். சரியா எண்பத்தாறுல."

"என் அக்கா பேத்தியைக் கூட்டிட்டு வரட்டுமா?"

"சரக்கும் உங்களது, பிள்ளையும் உங்களதா? பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கச் சொல்றீங்க."

பொம்மை மாமா தொண்டையைச் செருமினார். "எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு மேடம். போன வாரம் கீறலுக்குக் கிட்டே வந்துடுச்சு."

"கூப்பிடுங்க. ஆனா அளக்கப்போறது நான். தாத்தா டேப்பைத் தொடக்கூடாது."

மகள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். உச்சந்தலையில் தேங்காய்க் குடுமி போல முடியைக் கட்டி, காலில் தடித்த ஷூவும் மாட்டியிருந்தாள். மேடம் இரும்புத் தூணோடு அவளை நிறுத்தி டேப்பை இழுத்தார்.

"தொண்ணூறைத் தாண்டுது."

கடைக்காரம்மா பக்கத்துப் பெட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். பேத்தி "நான் பெரிசு!" என்று கை தட்டினாள்.

"இருங்க மேடம்" என்று பொம்மை மாமா மண்டியிட்டார். ஷூவைக் கழற்றினார். தலை நாடாவை அவிழ்த்தார். "என் கொம்பு! என் கொம்பு!" என்று பிள்ளை அலறியது. "குதிகால் தரையில இருக்கணும் கண்ணு. முகவாய் நேரா. எம்பக்கூடாது." "போ தாத்தா!" என்று அது அவர் மூக்கைப் பிடித்துத் திருகியது. மூக்கைக் கொடுத்துவிட்டு இரண்டு குதிகாலையும் விரலால் மெல்லத் தரையோடு வைத்தார்.

மேடம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"எண்பத்தாறு. ஒரு இழை கூடல, குறையல. எங்கே வெட்டி எடுத்துட்டு வந்தீங்க இவளை?"

முயல் கோட்டை மாட்டினார்கள். தோள் தோளில் உட்கார்ந்தது. குல்லா தலையில் உட்கார்ந்தது. ஜிப் தொண்டைக் குழியில் போய் நின்றது. ஆனால் கைகள் இரண்டும் விரலைத் தாண்டித் தொங்கின.

"பாருங்க" என்றார் மேடம். "கை தொங்குது. இதைவிடப் பெரிய பிள்ளைக்குத் தைச்சது."

"வளர்ற பிள்ளைக்கு ஒரு சுத்துப் பெரிசாத்தானே மேடம் வாங்குவாங்க! உங்க அம்மா வாங்கலியா?"

"எங்க அம்மா வாங்கினது எனக்கு இன்னிக்கும் பெரிசாத்தான் இருக்கு." சிரிப்பு அடங்கியதும் மேடம் சொன்னார்: "அது வாங்கறவங்க புத்திம்மா. தைச்சவன் யாருக்குத் தைச்சான்னுதான் நாங்க பார்க்கணும். என்ன மாமா, நீங்களே சொல்லுங்க."

பொம்மை மாமா கோட்டின் தோளைத் தொட்டுப் பார்த்தார். தோளும் குல்லாவும் பாப்பாவாக இருக்க, கை மட்டும் எப்படிப் பெரியவளாகும்? மனசு ஒப்பவில்லை. ஆனால் தொங்குகிற கை எல்லோர் கண்ணெதிரே தொங்குகிறது. கடைக்காரம்மாவின் முகத்தைப் பார்க்காமல் பேனாவை எடுத்து மூடியைத் திருகினார்.

அழுத பிள்ளையைச் சமாதானப்படுத்த மகள் ஒரு பிஸ்கட்டை நீட்டினாள். பிள்ளை கையை நீட்டியது. கை வெளியே வரவில்லை. உதறியது, அப்போதும் வரவில்லை. கோபத்தில் கோட்டின் கை நுனியைப் பல்லால் கடித்துப் பின்னால் இழுத்தது. துணி மடிந்து திரும்பியது.

"கேரட்!" என்றது பிள்ளை.

திரும்பிய உள்துணியில் வரிசையாக ஆரஞ்சு நிறக் கேரட்டுகள். வேறு எங்கும் இல்லாத படம். மடித்தால் மட்டும் தெரிகிற படம். பொம்மை மாமா பேனாவைக் காதில் செருகிவிட்டு அந்தக் கையைப் பிடித்தார். மடிப்பின் ஓரத்தில் ஒரு குழிப்பொத்தான். அதன் ஜோடி வெளிப்புறத்தில், அவர் மூக்குத்தி என்று விட்ட இடத்தில். இரண்டையும் சேர்த்து அழுத்தினார். டக் என்று பூட்டிக்கொண்டது. பேத்தியின் மணிக்கட்டு, அளந்து வைத்தது போல, மடிப்பின் ஓரத்தில் இருந்தது.

"மேடம், இது மடிச்சுப் போடறதுக்குன்னே தைச்சது. அதுக்குன்னு பொத்தானே வெச்சிருக்கான். நான் எப்பவும் கீழேர்ந்து கையை விட்டுப் பார்க்கறவன், கை நுனியைத் திருப்பிப் பார்க்கவே இல்லே. என் கண்ணுக்கு முன்னாடியே இருந்திருக்கு."

மேடம் பெட்டி பெட்டியாக முயல்களை எடுத்துத் திருப்பினார். எல்லா முயல் கையிலும் கேரட், எல்லாக் கையிலும் பொத்தான். ஒரு தலையசைப்பு, முயல் பாப்பாவாயிற்று.

கடைக்காரம்மா எழுந்து நிற்பதற்குள், "கரடியையும் போட்டுப் பார்த்துடலாம்" என்றார் பொம்மை மாமா. யாரும் அவரைக் கேட்கவில்லை. கரடிக் கோட்டு பேத்தியின் கணுக்காலைத் தொட்டது. கையை மடித்துப் பூட்டியும் விரல் தெரியவில்லை. "இது பெரிய பிள்ளைதான் மேடம்." அதையும் அவரே எழுதினார்.

கடைக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "கரடி நாலே பெட்டிதான் அண்ணே. கடிச்சாலும் முயல் காப்பாத்திடும். பாப்பாவுக்கு ஒரு முயல் எடுத்துக்கச் சொல்லுங்க."

"கடையைத் திற தங்கச்சி. காசு குடுத்து வாங்கிக்கறோம்."

அதன்பின் பொம்மை மாமாவின் குசலத்தில் ஒரு வரி கூடியது. "கையைக் காட்டு ராசா, உள்ளே என்ன ஒளிச்சு வெச்சிருக்கே?" என்று கேட்டு, ஒவ்வொரு கை நுனியையும் திருப்பிப் பார்க்கிறார். பெட்டி தூக்குகிறவர்கள் சாப்பாட்டு வேளையில் அவரவர் சட்டைக்கையைத் திருப்பிக் காட்டி, "மாமா, எங்ககிட்ட கேரட் இல்லே" என்கிறார்கள்.

கடை திறந்து, முயல் கோட்டு வீட்டுக்கு வந்து, சில வாரம் ஆகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை. பேத்தியே ஷூவைக் கழற்றி எறிந்தாள். கொம்பைத் தானே அவிழ்த்துக்கொண்டாள். நிலையோடு முதுகை ஒட்டி நின்று, "குதிகால் தரையில!" என்று தனக்குத்தானே சத்தமாக உத்தரவு போட்டுக்கொண்டாள். மாட்டியிருந்த முயல் கோட்டின் கேரட் மடிப்புக்கு வெளியே மணிக்கட்டு நன்றாகவே நீண்டிருந்தது. அறைக்குள் பாட்டிக்காரி தனிக் கட்டிலின் மேல் புது விரிப்பை உதறிக்கொண்டிருந்தார்.

"என்ன, தாண்டிட்டாளா?"

பொம்மை மாமா பென்சிலோடு குனிந்தார். பெட்டி திறக்கும் முன் மூடுவது போலக் கண்ணை மூடினார். உதடு மட்டும் அசையவில்லை. பெரிய உள்ளங்கையைப் பேத்தியின் உச்சந்தலையில் வைத்து, எம்பி நின்ற முடியை மெல்ல மெல்லப் படிய வைத்து, பென்சில் நுனியைக் கீறலுக்கு ஒரு நூல் கீழே சாய்த்துக்கொண்டு கோடு இழுத்தார்.